அப்பாவின் பாட்டுப் பெட்டி: வேண்டாத இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் என்ன செய்வது?

வீட்டைக் காலி செய்யும்போதோ, வெள்ளையடிக்கும்போதோ, பெரியவர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகோதான் அந்தப் பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கும். உள்ளே தினசரித்தாள் சுற்றிய இசைத்தட்டுகள், பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட சிடிகள். கேட்பதற்குக் கருவி இல்லை, வைப்பதற்கு இடமும் இல்லை. "பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாமா, இல்லை போகிக்கு ஆகட்டுமா?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார்.

இரண்டும் வேண்டாம். என் அப்பா மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் விட்டுச் சென்றவை, தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகள்) 60-க்கு மேல், பிற்காலத்து வினைல் தட்டுகளான எல்பியும் இபியுமாக நூற்றுச் சொச்சம், கேசட்டுகள் ஏறக்குறைய 400. அவற்றைப் பிரித்து, உரிய இடங்களுக்கு அனுப்பி முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பிறகு அத்தை வீட்டிலும் நண்பர்கள் இருவர் வீட்டிலும் இதே வேலையைச் செய்தேன். கடையில் வாங்கிய பாட்டுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கும். வீட்டில் பதிந்த குரல் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கும். அதனால் எதை விற்கலாம் என்று பார்ப்பதற்கு முன் எது போனால் திரும்ப வராது என்று பாருங்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அதையொட்டித்தான் அமைந்திருக்கிறது.

1. ஒரு மாதம் எதுவும் வாசல் தாண்டக்கூடாது

முதலில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரிடமும் பேசிவிடுங்கள். ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு அம்மாவின் நினைவாக இருக்கும். ஒரு கேசட்டுக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன உடன்பிறப்புகளை நான் அறிவேன். யாருக்கு எது வேண்டும் என்று சொல்ல ஒரு தேதி குறித்து, அதுவரை காத்திருங்கள்.

அந்த ஒரு மாதத்தில் பெட்டியை மொட்டைமாடி அறையிலிருந்தும் சமையலறை ஓரத்திலிருந்தும் எடுத்து, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றுங்கள். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது வளையும், அரக்குத் தட்டாக இருந்தால் விரிசல் விடும். ஈர வாடை அடிக்கிறது என்று நம் வழக்கப்படி வெயிலில் பரப்பிவிடாதீர்கள். அரை மணி நேரச் சித்திரை வெயிலில் எல்பி அப்பளம் போல நெளிந்துவிடும். மின்விசிறிக் காற்றே போதும். பெட்டியின் அடியில் கரையான் மண் தெரிகிறதா என்றும் பாருங்கள். கரையான் தட்டைத் தின்னாது, ஆனால் உறையையும் அதில் எழுதியிருப்பதையும் தின்றுவிடும்.

2. இனம் பிரியுங்கள்

கனமாக, வளையாமல், விளிம்பு தடித்து இருந்தால் அது 78 வேக அரக்குத் தட்டு. பெயர்தான் தட்டு, அரக்குப் பூச்சி தரும் அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. கை தவறினால் பீங்கான் போல உடையும். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு. இந்தியாவில் 1960-களின் பிற்பகுதி வரைகூட இவை அழுத்தப்பட்டன.

கையில் எடுத்தால் லேசாக வளைந்து கொடுப்பது வினைல். 12 அங்குலம் என்றால் எல்பி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலம் என்றால் பெரும்பாலும் 45 சுற்றில் ஓடும் இபி. நம் வீடுகளில் படத்துக்கு நான்கு பாட்டு என்று இருப்பவை இவைதான்.

கேசட்டுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். அச்சிட்ட அட்டையோடு கடையில் வாங்கியவை ஒரு குவியல். கையால் எழுதியவை, எதுவுமே எழுதாதவை மற்றொரு குவியல். சிடிகளும் அப்படித்தான். அடிப்பக்கம் வெள்ளி நிறம் என்றால் தொழிற்சாலையில் அச்சானது. பச்சையோ நீலமோ கலந்திருந்தால் அநேகமாகக் கணினியில் எழுதியது. அதிலுள்ள சாயம் நாளடைவில் மங்கும். பெரிய சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் நாடா இருந்தால் தனியே வையுங்கள். அதை முகர்ந்து பாருங்கள். வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால் நாடாவின் அடித்தளமே சிதைகிறது என்று பொருள். அதை நீங்கள் ஓட்டிப் பார்க்கக்கூடாது, அனுபவமுள்ளவரிடம் உடனே கொடுக்க வேண்டும்.

3. கையெழுத்துக் கேசட்டுகளே முதலில்

இந்தப் படியில்தான் நேரம் நிறையப் போகும். போகட்டும்.

1980-களிலும் 90-களிலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காகிதத்தில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் டிடிகே, சோனி, மெல்ட்ராக் என்று நாம் கேட்ட காலி நாடாவில் பதிந்து கொடுப்பார்கள். அதனால் கையெழுத்துக் கேசட் என்றாலே சினிமாப் பாட்டுத்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருபது, முப்பது கேசட்டுகளை ஒதுக்கி வைத்தேன்.

அதில் ஒன்றின் முதுகில் அப்பாவின் பச்சை மை எழுத்தில் "பழைய பாடல்கள் - 3" என்று இருந்தது. நாடா தொய்ந்து வெளியே வந்திருந்ததால் பென்சிலைச் சொருகிச் சுற்றி இறுக்கினேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று பாட்டு வரை சரியாக ஓடியது. பிறகு பொத்தான் அழுத்தும் 'டக்' ஓசை. அதன் பின் பாட்டியின் குரல். நலங்குப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். இரண்டாம் அடியில் நிறுத்தி, "அடுப்பில் பாலைப் பார்" என்று யாருக்கோ சொல்கிறார். மறுபடி எடுத்த இடத்திலிருந்தே சுருதி பிசகாமல் தொடர்கிறார். ஏழு நிமிடம். பாட்டி போய் 26 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் அவர் குரல் வேறெங்கும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கையெழுத்துக் கேசட்டையும் இரண்டு பக்கமும் கடைசிவரை கேளுங்கள். பாட்டு முடிந்த பின் வரும் வெற்று நாடாவையும் விடாதீர்கள். கோயில் திருவிழா நாகசுரம், வீட்டுக் கல்யாணக் கச்சேரி, குழந்தையின் முதல் பேச்சு, வானொலியில் வந்து போன நாடகம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. அத்தகைய கேசட் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கேசட்டின் மேல் விளிம்பில் இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியே ஒதுக்குங்கள். அதை ஓட்டினால் பூஞ்சை டேப் ரெக்கார்டருக்குள் போய், அடுத்துப் போடும் கேசட்டுகளிலும் ஒட்டும். நல்ல நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள். பல ஆண்டு ஒட்டிக் கிடந்த சுருள் தளரும். டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதியான ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறுவது நின்றால் சுத்தமாகிவிட்டது என்று பொருள். நாடா கிழிந்தாலும் கலங்க வேண்டாம். திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து, நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்பால் ஒட்டலாம். சாதாரண செல்லோடேப் வேண்டாம், அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

கணினிக்கு மாற்றுவது

நல்ல நிலையில் உள்ள டேப் டெக் ஒன்று, அதன் ஒலி வெளியேறும் துளையான லைன் அவுட்டிலிருந்து கணினிக்குப் போகும் யுஎஸ்பி ஒலி இணைப்பான் ஒன்று, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் ஆகிய மூன்றும் போதும். கேசட்டை நேராக எம்பி3 ஆக்கித் தரும் கையடக்கக் கருவிகளில் நாடா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, பாட்டியின் சுருதி அலையும். டெக் கிடைக்காவிட்டால் உறவினர் வீட்டுப் பழைய டூ-இன்-ஒன் கருவி அதைவிட மேல்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து வேவ் கோப்பாகப் பதியுங்கள். மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். 60 நிமிடக் கேசட் நூறு இருந்தாலும் 100 ஜிபிதான். இரைச்சலை நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யாதீர்கள், அதன் பிரதியில் செய்யுங்கள். ஒலி மழுங்கிக் கேட்டால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, நாடா ஓடும்போதே, மிக மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். 'ச', 'ஸ' ஓசைகள் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். வேறொரு கருவியில் பதிந்த நாடாவுக்கு இந்த ஒரு திருப்பம் தரும் பலனை எந்த மென்பொருளும் தராது.

கோப்பின் பெயரில் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை எழுதுங்கள். குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய அத்தை, பெரியப்பா இருக்கும்போதே போட்டுக் காட்டிக் கேட்டுவிடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீடுகளில் பிரதி இருக்கட்டும். மாற்றி முடித்த பிறகும் வீட்டுப் பதிவுகளின் மூல நாடாவைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

எழுதிய சிடிகளையும் இதே மூச்சில் கணினியில் இறக்கிவிடுங்கள். அவை நாடாவைவிட முன்னதாகவே கெடுவதைப் பார்த்திருக்கிறேன்.

4. பட்டியல் எழுதுங்கள்

இனி கடையில் வாங்கியவை. விற்பதென்றாலும் கொடுப்பதென்றாலும் பட்டியல் இல்லாமல் எதுவும் நடக்காது. "அப்பாவுடைய பழைய ரெக்கார்டு நிறைய இருக்கிறது" என்று போன் செய்தால் எந்த நூலகமும் வரச் சொல்லாது. பாடியவர், படம் அல்லது பாடல், நிறுவனம், தட்டு எண், நிலை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியது எண். இந்திய கிராமபோன் கம்பெனியின் எல்பிகளில் இ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. 78 தட்டுகளில் எச்.எம்.வி., கொலம்பியா, ட்வின், பிராட்காஸ்ட், சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே வந்த ஓடியன் ஆகிய பெயர்களைக் காண்பீர்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் வரிசையைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு அதுவே பிடி.

எவை அரியவை? நிறைய விற்ற படப் பாட்டு 78-கள் நிறையவே கிடைக்கின்றன. நாடக செட்டுகள் (ஒரு நாடகத்தைப் பல தட்டுகளில் பதிந்தவை), 1930-களின் நாகசுரத் தட்டுகள், விடுதலைப் போராட்டக் காலப் பாட்டுகள், ஹரிகதை, நகைச்சுவைப் பேச்சு ஆகியவற்றைக் கண்டால் தனியே எடுத்து வையுங்கள். நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் 27 வயதில் காலமானார். அவர் குரலை நாம் இன்று கேட்கிறோம் என்றால் இத்தகைய தட்டுகள் யாரோ ஒருவர் வீட்டில் உடையாமல் இருந்ததால்தான். நாடக செட் முழுதாக இருந்தால் ஒரு தட்டைக்கூடப் பிரித்துக் கொடுக்காதீர்கள். எல்பிகளில் 1980-களின் பிற்பகுதியில் வந்தவை கவனிக்கத்தக்கவை. அப்போது கேசட் ஓங்கிவிட்டதால் எல்பி குறைவாகவே அச்சானது.

5. சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை

அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இது தெரியாமல் தாத்தாவின் தட்டு ஒன்றை நான் கெடுத்தேன். துடைத்த துணியில் கறுப்பு இறங்கியது, பள்ளங்கள் மழுங்கின, அந்தப் பாட்டு போயிற்று. வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடித்த நீரால் மறுபடி துடைத்து, நிமிர்த்திக் காயவிடுங்கள். லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்பிக்கும் இதே முறை போதும்.

போட்டுப் பார்க்கும் ஆசை வரும். கைப்பிடி சுற்றும் கிராமபோனில் எல்பியை வைக்கவே கூடாது, இரும்பு முள் ஒரே ஓட்டத்தில் அதை உழுதுவிடும். 78-க்கு எல்பி முள்ளைவிடத் தடித்த முள் வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அரிய தட்டுகளைக் கேட்காமலேயே காப்பகத்துக்கு விட்டுவிடுங்கள்.

6. காப்பகத்துக்குக் கொடுப்பது

விற்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லதையெல்லாம் விற்றுவிட்டு மிச்சத்தை நூலகத்துக்கு நீட்டினால் அது அவர்களுக்குச் சுமைதான்.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சு நூல்களுக்குப் பேர்பெற்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் தொடங்கியது. இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இனவிசையியல் (மக்களின் இசை மரபுகளை ஆராயும் துறை) காப்பகம் 1982 முதல் இயங்குகிறது. களப்பதிவுகள், நாட்டுப்புறப் பாட்டு, கோயில் இசை போன்ற வெளியிடப்படாத நாடாக்களுக்கு அது பொருத்தமான இடம். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பதிவுகள் என்றால் 2005-இல் தொடங்கிய, 'நூலகம்' என்றே பெயருள்ள நிறுவனத்தைக் கேளுங்கள்.

முதலில் பட்டியலை அனுப்பி, எது வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் பத்துத் தட்டு மட்டும் கேட்டால் அந்தப் பத்தை மட்டும் கொடுங்கள். மனம் வருந்த வேண்டாம், மற்றவற்றின் பிரதி அவர்களிடம் இருக்கலாம். பெற்றுக்கொண்டதற்குக் கடிதம் வாங்குங்கள். யார் நினைவாகக் கொடுக்கப்பட்டது, எண்மப் பிரதி உங்களுக்குக் கிடைக்குமா, வேண்டாமென்றால் திருப்பித் தருவார்களா ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். அப்பா பாட்டுக் குறிப்பு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த தட்டுக்கு அது 2020-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் பாடலாசிரியர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை தனி. அவர்கள் மறைந்து 60 ஆண்டு ஆக வேண்டும். கேசட் பாட்டுகளைப் பிரதி எடுத்து விற்பதோ ஊருக்குப் பரப்புவதோ கூடாது.

7. விற்பது

விலை கேட்கும் முன், இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுத் தீர்ந்த விலையைப் பாருங்கள். உறை கிழியாமல், கீறல் இல்லாமல் இருந்தால் ஒரு விலை. உறை இல்லாவிட்டால் அதில் கால் பங்குகூடத் தேறாது. நிலையை உள்ளபடி சொல்லுங்கள். கீறலைப் படமெடுத்துக் காட்டிவிட்டால் பிறகு தகராறு இல்லை.

"மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று வருபவர் முதலில் எதைக் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வியாபாரி எல்லாவற்றுக்குமாக ஒரு தொகை சொன்னார். பேசிக்கொண்டே பன்னிரண்டு எல்பியை மட்டும் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டுக்காகத்தான் அவர் வந்தது. பட்டியல் கையில் இருந்ததால் எனக்குப் புரிந்தது. அவற்றைத் தனித்தனியே விற்றேன், அவர் சொன்ன மொத்தத் தொகையைப் போல மூன்று மடங்கு கிடைத்தது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு பழைய தட்டு வியாபாரம் சிதறிப்போனது. இப்போது சேகரிப்பாளர்களை இணையத்திலும் தட்டுக் கடைகளிலுமாகத் தேட வேண்டியிருக்கிறது.

அனுப்பும்போது எல்பியை உறையிலிருந்து எடுத்து, உறைக்குப் பக்கத்தில் தனியே வைத்து, இருபுறமும் தடித்த அட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளேயே இருந்தால் குலுங்கும்போது உறையின் ஓரத்தைக் கிழிக்கும். 100 எல்பி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே சிறு பெட்டிகளாகப் போடுங்கள். அரக்குத் தட்டை முடிந்தவரை கையிலேயே கொண்டு போங்கள்.

கடைக் கேசட்டுகளுக்கும் சிடிகளுக்கும் விலை எதிர்பார்க்க வேண்டாம். ஓடும் நிலையில் உள்ள டேப் ரெக்கார்டரோடு சேர்த்து ஒரு முதியோர் இல்லத்துக்கோ, பழைய காரில் இன்னும் கேசட் போடும் ஒருவருக்கோ கொடுங்கள். அத்தை வீட்டுப் பக்திப் பாடல் கேசட்டுகள் இப்படித்தான் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போயின. காலையில் அவற்றைத்தான் போடுகிறார்கள்.

8. எஞ்சியவை

பூஞ்சை தின்ற நாடா, உடைந்த தட்டு, கீறிய சிடி எப்படியும் மிஞ்சும். போகி நெருப்பில் மட்டும் போடாதீர்கள். எல்பி என்பது பிவிசி என்னும் பிளாஸ்டிக். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும், அதைச் சுவாசிப்பது நம் தெருக் குழந்தைகள்தான். நாடாவைக் கேசட்டிலிருந்து உருவி வெளியே எறியவும் வேண்டாம். மரத்தில் சிக்கிப் பறவைகளின் காலைச் சுற்றும். நாடாவோடு முழுக் கேசட்டாக உலர்கழிவில் கொடுங்கள். கேசட் பெட்டியும் சிடி பெட்டியும் உடையாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஓடாத டேப் ரெக்கார்டரையும் ஒலிபெருக்கியையும் மின்கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள். அதற்கு முன் உள்ளே மறந்துபோன கேசட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

உடைந்த அரக்குத் தட்டின் லேபிளையும் பொறித்த எண்ணையும் படமெடுத்த பிறகே எறியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாகப் பிளந்திருந்த ஒரு நாகசுரத் தட்டின் படத்தை ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினேன். அந்த எண்ணில் ஒரு தட்டு வந்ததா என்று அவர் தேடிக்கொண்டிருந்தாராம். துண்டுகள் இரண்டையும் அனுப்பச் சொல்லி மறுநாளே எழுதினார்.